எத்தனை இருந்தால் போதும்?

கீழ்ப் பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு நண்பர். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். 2020-ஆம் வருஷக் கடைசியில் ஒரு நாள் அவர் டெலிபோனில் கூப்பிட்டு, “தம்பி, மூன்று பிள்ளைகளில் ஒன்றைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டது சர்க்கார். எதைக் கொடுக்கட்டும், சொல்லுங்கள்” என்றார். அவருக்குப் பெண்கள் இருவர்தான். இருவரையும் கட்டிக் கொடுத்து வெகு காலம் ஆகிறது. அவர் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுகிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விஷயம் இதுதான். 1959-ல் ஆயுதச் சட்டம் செய்தபோது, ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அதில் கிடையாது. 1983-ல் அதைத் திருத்தி, மூன்றுக்கு மேல் கூடாது என்றார்கள். 2019 டிசம்பரில் மறுபடி திருத்தி இரண்டு என்று குறைத்தார்கள். அந்த மசோதாவில் முதலில் இருந்த எண் ஒன்று. ஆட்சேபம் கிளம்பிய பிறகு அது இரண்டாயிற்று. மிஞ்சியதை ஒரு வருஷத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். பாட்டன் சொத்தாக வந்தாலும் இரண்டுதான். சுடும் பந்தயக்காரர்களுக்குத் தனி விதி உண்டு. அது நமக்கு வேண்டாம்.

மூன்று ஏன், இரண்டு ஏன் என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. சட்டத்துக்கு ஏதோ ஓர் எண் வேண்டும், போட்டுவிட்டது. சாலையில் வண்டி ஓட்டும் வேகத்துக்கு எண் போடவில்லையா, அப்படி. என்னை உறுத்திய கேள்வி வேறு. சட்டமே இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு மனிதன் தானாகவே எந்த இடத்தில், எந்த நியாயத்தைக் கொண்டு, ‘போதும்’ என்று நிறுத்துவான்?

போதுமென்ற மனத்தைப் பற்றிய பழமொழியைச் சொல்லிக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று டால்ஸ்டாய் எழுதிய கதையைச் சொல்லியும் முடித்துவிடலாம். ஆறடி போதும் என்றார் அந்த மகான். சாமர்த்தியமான முடிவு, ஆனால் செத்தவனுக்குத்தான் ஆறடி. உயிரோடிருக்கிறவன் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது என்பது என் கட்சி.

சட்டம் எண் போடாத தேசத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் டெக்ஸாஸில் என் தம்பி வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், சாது மனிதர், தோட்டத்தில் விளைந்த தக்காளியைக் கொண்டு வந்து கொடுப்பார். எழுத்தாளன் என்று கேள்விப்பட்டதும் தம் சேகரிப்பைக் காட்டக் கூப்பிட்டார். ஆளுயர இரும்பு அலமாரி. அதற்குள் முப்பத்தொரு துப்பாக்கிகள். ஒவ்வொன்றையும் எடுத்து, திறந்து, உள்ளே காலி என்பதை முதலில் தாம் பார்த்து, பிறகு எனக்குக் காட்டி, அதற்கப்புறமே என் கையில் கொடுத்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

இது வாத்துக்கு, இது மானுக்கு. இது இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏந்திய காரண்ட் ரைபிள். இது 1894-ஆம் வருஷ மாதிரி வின்செஸ்டர். இது அவருடைய அப்பா கொடுத்தது. இது மகள் பிறந்த அன்று வாங்கியது. இப்படி முப்பத்தொன்றுக்கும் காரணம் இருந்தது. அவர் சொன்ன காரணம் ஒன்றாவது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கேதான் எனக்குச் சிக்கல் புரிந்தது. பொய்க் காரணம் சொல்லிச் சேர்க்கிறவன் ஒரு நாள் தன் பொய்யை எண்ணி வெட்கப்பட்டு நிறுத்தலாம். உண்மையான காரணங்களோடு சேர்க்கிறவனை எது நிறுத்தும்? உலகத்தில் துப்பாக்கிகளுக்கும் பஞ்சமில்லை, காரணங்களுக்கும் பஞ்சமில்லை. “போதுமா?” என்று கேட்டேன். “அடுத்தது வந்த பிறகு கேளுங்கள்” என்று சிரித்தார்.

என்னிடம் இருக்கும் புத்தகங்களை நினைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் படிக்காதவை. ஆகவே அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால், என் அலமாரியைத் திறந்து போட்டுவிட்டு நான் ஊருக்குப் போகலாம். அவர் போக முடியாது.

2018-ல் வெளியான ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க மக்களிடம் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடியே 30 லட்சம். நூறு பேருக்கு நூற்றிருபது. 2015-ல் நடந்த ஒரு சர்வே, அந்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடமே ஏறக்குறையப் பாதித் துப்பாக்கிகள் இருப்பதாகக் கண்டது. அந்த மூன்று பேர் எல்லோரும் கொடியவர்கள் என்று எழுதினால் நம் ஊரில் கைதட்டல் கிடைக்கும். நான் எழுத மாட்டேன். பெரும்பாலோர் என் தக்காளி வாத்தியாரைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017-ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 39,773 பேர். அவர்களில் 23,854 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். இந்த இரண்டாவது எண்ணை முதலில் படித்தபோது எனக்கு மலைமேல் இருக்கும் நண்பரின் வீடு நினைவுக்கு வந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நண்பருடைய பாட்டனார் காலத்தில் அந்த வீட்டில் ஏழு துப்பாக்கிகள். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் நடந்த காலம் அது. வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் தேவையில்லை, நம்மவனுக்குத் தேவை. அதனால் லைசென்ஸ் வாங்கிய நம்மவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை. ஏழு என்றால் ஏழு பங்கு மரியாதை. இதைப் பிரபுத்தனம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று. கையை வெறுங்கையாக்கி வைத்திருந்தவனிடம் நம்மவர்கள் கேட்ட மானப் பிரச்சினை அது. குடகில் இன்றும் கைல் போல்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைக்கிறார்கள். வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி வெடி தீர்க்கிறார்கள். அங்கே துப்பாக்கி குடும்பத்தில் ஒரு நபர். நபரை எண்ணிக்கையில் சேர்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை போயிற்று. ஏழு துப்பாக்கிகளில் நாலுக்காவது வேலை போயிற்று. என்றாலும் ஏழும் சுவரில் இருந்தன. 1983-ல் சட்டம் மூன்று என்றதும் நண்பரின் தகப்பனார் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லையாம். எதை விடுவது, எதை வைப்பது? கடைசியில் பர்மிங்ஹாமில் செய்த இரட்டைக்குழல் ஒன்று, காட்டுப்பன்றியை விரட்டும் ஒற்றைக்குழல் ஒன்று, ரைபிள் ஒன்று என்று நிறுத்திக்கொண்டு நாலைக் கொடுத்தார். “அந்த நாலும் என்னென்ன?” என்று நண்பரைக் கேட்டேன். இரண்டைச் சொன்னார். மற்ற இரண்டையும் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் நினைவுக்குக் கொண்டு வர முடியவில்லை. ஒரு மாதச் சாப்பாட்டைக் கெடுத்த துப்பாக்கிகள்!

2003-ல் பக்கத்துத் தோட்டத்தில் திருட்டு நடந்தது. இவர் பயந்து, ரைபிளை விற்றுவிட்டுக் கான்பூரில் செய்த .32 ரிவால்வர் ஒன்று வாங்கினார். “அது வந்த ராத்திரிதான் தம்பி, எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அதுவரைக்கும் வீட்டைக் காவல் காத்தேன். அப்புறம் அதையும் சேர்த்துக் காவல் காக்க வேண்டியதாயிற்று” என்றார். தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கம் வராது. பூட்டி வைத்தால் திருடன் வரும்போது உதவாது. பதினேழு வருஷத்தில் அவர் அதை வெளியே எடுத்தது துடைப்பதற்கும் தேர்தலுக்கும்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், முடிந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாசகர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது.

தேவை, பயம், மானம், பாசம் என்று சேர்ப்பதற்கு எத்தனையோ காரணங்கள். தேவைக்கு ஓர் எல்லை இருக்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஒன்றுதான் முடியும். மற்றவற்றுக்கு எல்லையைத் தேடி நான் பல நாள் யோசித்தேன். கண்டுபிடிக்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு இது அதிகம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஆயிரம் இருந்தாலும் அதிகமில்லை. வீடு வேறு. வீட்டில் சாவி இருக்கிறது. சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நண்பருக்கு ஒரு தம்பி இருந்தார். நன்றாகப் பாடுவார் என்பார்கள். 1991-ல், முப்பது வயதில், கடன் தொல்லையோ வேறெதுவோ, இரண்டு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தார். ஒரு மத்தியானம் வீட்டில் எல்லோரும் காப்பிப் பழம் பறிக்கும் இடத்துக்குப் போயிருந்தபோது அண்ணனின் பெட்டியிலிருந்து சாவியை எடுத்தார். அந்த வீட்டில் அன்றைக்கு மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஏழு இருந்தாலும் அதேதான். அவருக்கு ஒன்று போதுமாயிருந்தது.

அந்த ஒன்று, பர்மிங்ஹாம் இரட்டைக்குழல். வழக்கு, விசாரணை, ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல் எல்லாம் முடிந்து நாலு வருஷம் கழித்து அது வீட்டுக்குத் திரும்பி வந்தது. நண்பர்தான் மனுப் போட்டு வாங்கி வந்தார். இதை அவர் சொல்லித் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பாட்டன் சொத்தாகவே இருக்கட்டுமே, அதைப் போய்த் திரும்ப வாங்குவார்களா? கேட்க வாய் வரவில்லை.

ஆகவே 2020-ல் அவர் எதைக் கொடுப்பது என்று யோசனை கேட்டபோது எனக்கு யோசிக்க வேலையே இருக்கவில்லை. இரட்டைக்குழலைக் கொடுங்கள் என்றேன். காரணமும் அவருக்குத் தெரியும், எனவே சொல்லவில்லை. சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “நீங்கள் நேரில் வாருங்கள்” என்றார்.

போனேன். நடு ஹாலில் ஜமுக்காளம் விரித்து மூன்றையும் வைத்திருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், துணி. இரட்டைக்குழலை மூன்று பாகமாகப் பிரித்திருந்தார்: குழல், அடிக்கட்டை, முன்கட்டை. குழலும் அடிக்கட்டையும் ஓர் அலமாரியிலும், முன்கட்டை மட்டும் அம்மாளுடைய பீரோவில் புடவைகளுக்கு அடியிலுமாக 1995-லிருந்து இருந்து வருகின்றனவாம். ஒரே பூட்டுக்குள் அவை சேர்ந்து இருந்த நாளே கிடையாது. சேர்த்து மாட்டியதும் கிடையாது, தேர்தலுக்கு எடுத்துப் போகும்போது தவிர.

“ரிவால்வரைக் கொடுத்துவிடப் போகிறேன்” என்றார்.

“இதையல்லவா ஐயா கொடுக்க வேண்டும்?” என்றேன்.

“கொடுத்தால் எங்கே போகும்?”

“கடைக்காரர் யாருக்காவது விற்பார்.”

“அதுதான். நல்ல சாமான். பார்க்கிறவன் ஆசைப்பட்டு வாங்குவான். வாங்குகிறவன் வீட்டில் ஒரு தம்பி இருப்பான். அவனிடம் நான் என்னவென்று சொல்லிக் கொடுப்பேன்?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அழித்துவிடச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமே” என்றேன் கொஞ்ச நேரம் கழித்து. அதையும் யோசித்ததாகச் சொன்னார். அம்மாள் அப்போது காப்பி கொண்டுவந்தார்கள். பேச்சு காட்டெருமை வேலியை உடைத்ததற்குப் போய்விட்டது. அந்த யோசனைக்கு அவர் என்ன பதில் வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டன் ஆசையா, தம்பி ஞாபகமா, தன்னைத் தானே தண்டித்துக்கொள்வதா? நாவலாக இருந்தால் ஏதாவது ஒன்றை நான் தீர்மானித்திருப்பேன்.

ஆனால் ஒன்று நினைத்தேன். டெக்ஸாஸ் வாத்தியார் முப்பத்தொன்றுக்கும் ஏன் வாங்கினேன் என்று சொன்னார். இவர் ஒன்றைப் பற்றி, அது இப்போது எங்கே இருக்கிறது, அதன் சாவி எங்கே, அந்தச் சாவி யாருக்குத் தெரியும் என்று இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு எண்ணினால் யாருக்கும் எண்ணிக்கை வெகு தூரம் போகாது என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றே அதிகம். மனம் சரியில்லாத ஒருவர் இருக்கும் வீட்டுக்கு, அந்த ஒருவர் நானாகவே இருந்தாலும், ஒன்றுமே கூடாது. இதைச் சட்டம் எழுத முடியாது. வீட்டுக்காரன்தான் கவனிக்க வேண்டும்.

ரிவால்வரை மறுநாள் ஜீப்பில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். வழியில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வெகு உற்சாகமாகப் பேசினார்.

2024 பார்லிமெண்டுத் தேர்தலின்போது வழக்கம்போல் இரண்டையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். தேர்தல் முடிந்து மூன்று மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்ப எடுத்தாயிற்றா என்று விசாரித்தேன். இல்லையாம், மழை, மிளகுக் கொடி வேலை, ஆள் கிடைக்கவில்லை, இன்னும் என்னென்னவோ சொன்னார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஸ்டேஷனில் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். டிராயரை அவர் பூட்டவில்லை.