முருகன் கூப்பிட்டாரா, நானா போனேனா?

ஓம் சரவணபவ 🙏

"அவன் கூப்பிட்டாத்தான் போக முடியும்"னு நாம எல்லாருமே ஒரு தடவையாவது ஸ்டேட்டஸ் வச்சிருப்போம். நானும் அதை நம்புறவன்தான். ஆனா போன மாசம் அந்த வார்த்தையை வச்சு ஒரு பொய் சொல்லிட்டேன்.

பெங்களூர்ல இருந்து நாலு பேர் கார்ல கிளம்பினோம். பழனி தரிசனம் முடிச்சு, வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியா ஜெயமங்கலம். ராத்திரி அங்க எங்க அப்பத்தா வீட்ல தங்கல். இதுதான் பிளான். பெரியகுளம் வந்தப்ப மணி மூணரை. "இப்படியே விட்டா சுருளி வேலப்பரையும் பார்த்துடலாம், ராத்திரி கம்பத்துல தங்கிட்டு காலைல குமுளி"ன்னான் ஒருத்தன். எனக்கும் ஆசை. தேனி ரோட்டைப் பிடிச்சாச்சு.

சின்னமனூர் தாண்டித்தான் போன் பண்ணினேன். "அப்பத்தா, வேலப்பர் கூப்பிட்டுட்டாரு. அடுத்த தடவை வர்றேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி சாமி. நானுந்தான கூப்பிட்டேன்."

யோசிச்சுப் பாருங்க. காலைல பழனியில் வரிசை நகரலைன்னதும் "முருகன் சோதிக்கிறார்"னு சொன்னோம். வழியில நல்ல பரோட்டா கிடைச்சதும் "முருகன் அருள்". நமக்குப் பிடிச்சதுக்கெல்லாம் அவர் பெயர். ஆபீஸ்ல ஒரு வேலையை மாத்தினா, மாத்தினவன் பெயர் டிக்கெட்ல இருக்கணும். இங்க மாத்தினது நான், போட்டது அவர் பெயரை.

"பாட்டியை விட சாமி பெருசில்லையா?"ன்னு கார்லயே கேள்வி வந்துச்சு. பெருசுதான். அதனாலதான் அவரால காத்திருக்க முடியும். எங்க அப்பத்தாவுக்கு எண்பது தாண்டியாச்சு.

வழியை மாத்துறதே தப்புன்னு நான் சொல்ல வரல. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கே திசை மாறின தண்ணியிலதான் பச்சையா இருக்கு. மேற்கே ஓடின பெரியாறை பென்னிகுவிக் அணை கட்டி, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பினது 1895-ல. ஆனா அதுக்கு முன்னாடி 1886-லேயே திருவிதாங்கூரோட 999 வருஷக் குத்தகை எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதியும் வழக்கு இன்னும் ஓயல. திருப்பினா யாருக்குக் குறையும்னு கேட்டாகணும். நான் கேட்கல, தகவல்தான் சொன்னேன்.

உத்தமபாளையம் வரைக்கும் யாரும் பேசல. அங்க வண்டியைத் திருப்பினோம்.

ஜெயமங்கலம் வந்தப்ப விளக்கு வச்சாச்சு. அப்பத்தா வாசல்லயே உட்கார்ந்திருந்துச்சு. நாலு பேருக்கும் சமைச்சது அப்படியே இருந்தது, யாருக்கும் எடுத்துக் கொடுக்கல. நான் மன்னிப்பு கேட்க வாயெடுக்கிறதுக்குள்ள, "வேலப்பர் கோவிச்சுக்க மாட்டாராடா?"ன்னு கேட்டுச்சு. நிஜமாவே பயந்துதான் கேட்டுச்சு.

"நான் பேசிக்கிறேன் அப்பத்தா"ன்னு சொல்லிட்டு இலை முன்னாடி உட்கார்ந்தேன்.

முருகா சரணம்.