விதியும் வெட்டுப்புள்ளியும்

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியாகும் வாரத்தில் பதுளை மாவட்டத்துப் பசறை, ஹாலிஎல, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே பேச்சுத்தான்: "தலையில எழுதுனது தானே நடக்கும்." பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கு லயத்து வாசலில் சொல்லப்படும் ஆறுதல் அது. ஆறுதலாக நிற்கும்வரை அதில் குறையில்லை. அதுவே காரணமாகிவிட்டால் மேற்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்க முடியாமல் போகிறது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதில் இப்பிறவிக்கு அளந்து வந்தது பிராரத்தம், இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். தலையெழுத்து பேசுவோர் பிராரத்தத்தோடு நின்றுவிடுகிறார்கள். பதுளை நகரில் முதியங்கணை விகாரை இருக்கிறது. அங்கே வணங்கப்படும் புத்தர் இன்னும் வெளிப்படையாகப் பேசியவர். மனிதர் படுவதெல்லாம் பழவினைதானா என்று மோலிய சீவகன் என்ற துறவி கேட்டபோது பித்தம், கபம், வாயு, பருவ மாற்றம், பிறர் தாக்குதல் உட்பட எட்டுக் காரணங்களை எண்ணினார். பழவினை அந்த எட்டில் ஒன்று.

சட்டங்களை அறிவிக்கும் அரசாங்க வர்த்தமானி அந்தப் பட்டியலில் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்காக அதையும் சேர்க்கலாம்.

கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. தோட்டப் பாடசாலைகளோ கம்பனிகளின் கையிலேயே கிடந்தன: ஒரு கூடம், ஒரு வாத்தியார், சில கீழ்வகுப்புகள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அரசு அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். இடையில் போன கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளை எந்தப் பிறவிக் கணக்கில் எழுதுவது?

இந்த ஏற்றத்தாழ்வு அரசுக்கே தெரியும். இல்லாவிட்டால் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்திருக்காது. பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. புள்ளி முழுவதும் பிள்ளையின் தனி உழைப்பல்ல, பிறந்த இடமும் அதில் எழுதுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது.

ஆனால் அந்த நியாயம் மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. பதுளை நகரில் டியூசனும் ஆய்வுகூடமும் உள்ள பிள்ளைக்கும், மடுல்சீமை டிவிசன் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. தமிழில் விஞ்ஞானம் படிக்க நல்ல வசதியுள்ள பாடசாலைகள் மாவட்டத்தில் குறைவு. தோட்டப் பிள்ளைகள் பெரும்பாலும் கலைப் பிரிவுக்கே போகிறார்கள். அங்கேயோ தெரிவு அகில இலங்கைத் தரவரிசைப்படி. மாவட்டச் சலுகை யாருக்குத் தேவையோ அவர்கள் படிக்கும் பிரிவில் அது இல்லை.

பதுளையிலேயே பல்கலைக்கழகம் இல்லையா என்று கேட்கலாம். 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பசறை வீதியில் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டமும் தருகிறது. அந்தப் பட்டப்படிப்புக்கு விஞ்ஞானப் பாடம் வேண்டும், படிப்பு ஆங்கிலத்தில். கொழுந்து பறிப்பவரின் மகள் தேயிலையைப் பற்றிப் பட்டம் படிப்பதற்கு இத்தனை படிகள்! வழமையான கலைப்பீடம் அங்கே இல்லாததால், தமிழில் கலை படிக்க அவள் யாழ்ப்பாணமோ வந்தாறுமூலையோ பேராதனையோ போக வேண்டும்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உண்டு. 1981இல் தொடங்கிய மஹபொல மாணவர் உதவி 2021இல் மாதம் 5,000 ரூபாய் அளவாக இருந்தது. அந்த ஆண்டு தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,000 ரூபாயானபோது அந்த உதவி தாயின் ஐந்து முழுப்பேருக்கு, அதாவது ஐந்து முழுநாள் கூலிக்கு, சமமாக இருந்தது. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் விழும் வாரத்தில் மகளுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம். 2022 பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறியபின் அந்த 5,000 எத்தனை நாள் சாப்பாட்டுக்குக் கண்டது என்பதை வாங்கிய மாணவரே அறிவார்.

எல்லா மட்டங்களிலும் எல்லோருக்கும் கல்வியில் சம வாய்ப்பு என்பது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதை வைத்து வழக்காட முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. ஆகவே அந்த உறுப்புரையை மட்டும் நம்பி நீதிமன்றம் போக வழியில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்: ஆண்டுதோறும் அது அச்சிடும் அனுமதிக் கையேட்டில் அந்த 5 வீதத்தை மாவட்டத்துக்குப் பதில் பாடசாலையின் வசதியைப் பார்த்துப் பங்கிடலாம், கலைப் பிரிவையும் அதற்குள் கொண்டுவரலாம்.