இல்லை என்பதும் தெரியாது என்பதும்

வினவுபவர் ஒருவர், விடை கூறும் பதிவேடு ஒன்று, இவ்விரண்டுக்குமிடையே விடையைச் சுமந்து செல்லும் ஒரு தூதுவன். கச்சேரியிலே பேரேடுகளைப் புரட்டிய காலத்தில் அத்தூதுவன் எழுதுவினைஞனாக இருந்தான். இன்று அவ்விடத்தைக் கணனி பெற்றுள்ளது. தான் கொணரும் விடையின் பொருளுக்குத் தூதுவனும் பொறுப்பாளியாவானா என்ற பழைய வினா மட்டும் மாறவில்லை.

அலுவலக மேசையிலுள்ள இணையப் பக்கம் தரவுத்தளத்துடன் நேரே உரையாடுவதில்லை. 'ட்றைவர்' எனப்படும் மென்பொருளொன்று இடைநின்று, வினாவைத் தரவுத்தளத்தின் மொழிக்கு மாற்றி, விடையை மீண்டும் பக்கத்தின் மொழிக்கு மாற்றுகின்றது. 1992இல் வந்த ஓடிபிசி, 1997இல் வந்த ஜேடிபிசி ஆகிய நியமங்கள் எந்நிறுவனத்தின் தரவுத்தளத்தையும் ஒரே முறையில் வினவ வழிசெய்தன. இது பெரும் வசதியே. எனினும் மொழிபெயர்ப்பு நிகழுமிடத்திலேதான் பொருளும் சிதைகின்றது.

அட்டவணை வடிவிலான தரவுத்தளக் கோட்பாட்டினை 1970இல் முன்வைத்தவர் எட்கர் கொட். ஒரு கட்டத்துக்குரிய செய்தி கிடைக்காதவிடத்து அங்கே என்ன எழுதுவது என்பது அவரைப் பெரிதும் அலைக்கழித்தது. சுழியம் எழுதினால் பொய்யாகும். ஏனெனில் சுழியமும் ஓர் அறிவே. ஆகவே 'நள்' என்ற தனிக்குறி கையாளப்பட்டது. அது 'இல்லை' என்று கூறுவதன்று. 'தெரியாது' என்று ஒப்புக்கொள்வது. உண்மை, பொய் என்ற இரண்டோடு 'அறியப்படாதது' என்ற மூன்றாம் நிலையும் இவ்வாறு தருக்கத்துள் இடம்பெற்றது. ஆயின் ஜேடிபிசி வழியாக அத்தகைய கட்டத்திலிருந்து முழு எண்ணொன்றைக் கேட்டால், கிடைப்பது சுழியமே. வந்தது மெய்யான சுழியமா, அறியாமையா என்று நிரலாளர் தனியே மறுபடியும் வினவவேண்டும். மறந்தால் 'தெரியாது' என்ற அடக்கமான விடை, 'ஒன்றுமில்லை' என்ற உறுதிமொழியாகித் திரையில் தோன்றும்.

பதிவில் இல்லாதது உலகிலும் இல்லை எனக் கொள்ளும் முறையை 1978இல் ரேமண்ட் ரைட்டர் 'மூடிய உலக எடுகோள்' என விளக்கினார். தலைமன்னார்ப் புகையிரத நேரசூசியில் காணப்படாத வண்டி ஓடாது என்று கொள்வதில் தவறேதுமில்லை. அதே எடுகோளை மனிதர் மீது சுமத்தியபோது நேர்ந்ததையும் அப்பாதையின் கோடியிலுள்ள இறங்குதுறை கண்டுள்ளது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தமையை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. தோட்டத் தொழிலாளர் பலரிடம் அதற்கான பத்திரம் இருக்கவில்லை. பத்திரமில்லாமை, பிறப்பில்லாமையாக வாசிக்கப்பட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களுட் பெருந்தொகையினர் தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்துக்குச் சென்றனர். கணனி எதுவும் இத்தவற்றைச் செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவ்வினாவின் கூர்மையான வடிவம் 2011 சனவரியில் மன்னாரிலிருந்தே எழுந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரு பதிவுகளை ஒப்பிட்டுக் காட்டினார். முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோராகப் பதியப்பட்டவர்கள் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதே அவர் கேட்டது. இத்தொகையை இறந்தோர் தொகையெனச் சிலர் எடுத்தாண்டனர். கணக்குப் பிழையென வேறு சிலர் தள்ளினர். இரு சாராரும் ஒரே தவற்றையே செய்தனர் எனலாம். கழித்தலின் விடையாக நின்றது அறியாமையின் அளவு. அதனை ஒரு தரப்பு மரணமாகவும் மறுதரப்பு சுழியமாகவும் மொழிபெயர்த்தது. ஆயரோ அதனை வினாவாகவே வைத்திருந்தார்.

நிருவாகம் வினாக்களைக் கொண்டு நடைபெற இயலாது என்று கூறுவர். காணியை மாற்றவும் வங்கிக் கணக்கைக் கையாளவும் கணவன் உயிருடன் உள்ளானா, இல்லையா என்பது தெரிந்தாகவேண்டும். இவ்வாதத்தில் நியாயமுண்டு. நெடுங்காலம் மனைவியர் முன் வைக்கப்பட்ட வழி, மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொள்வதாகவே இருந்தது. அறியாததை இறப்பென்று கையொப்பமிடச் செய்தது கொடுமையே. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ்' என்ற ஒன்றை உண்டாக்கியது. இருக்கிறார், இறந்தார் என்ற இரண்டுக்கும் நடுவே நின்று அது அலுவல்களுக்கு இடங்கொடுக்கின்றது. கொட் அட்டவணைக்குக் கோரிய மூன்றாம் நிலையை இலங்கைச் சட்டம் இவ்வாறு தாமதமாக ஏற்றுக்கொண்டது.

அவ்வாறாயின் அச்சான்றிதழை ஏற்க மறுப்போர் ஏன் மறுக்கின்றனர்? இதனை அறியாமை என ஒதுக்குதல் எளிது. ஆனால் நள் என்ற குறி, பின்னொருநாள் நிரப்பப்படுமென்ற எதிர்பார்ப்புடன் இடப்படுவது. நிரப்பும் கடமை பதிவேட்டை வைத்திருப்பவருக்கு உரியது. படத்தை ஏந்தி வீதியில் அமர்ந்திருக்கும் தாய்க்கு அக்கடமை நிறைவேறுமென்ற நம்பிக்கை இல்லை. கட்டத்தில் ஏதோ ஒன்று எழுதப்பட்டுவிட்டால், அதன் பின் எவரும் மகனைத் தேடமாட்டார் என்றே அவள் அஞ்சுகின்றாள்.