பலகையில் விட்ட இடம்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், டேரன்ட் ஆற்றை ஒட்டி ஷோர்ஹாம் என்றொரு சிற்றூர். எதிரே உள்ள குன்றில் புல்லைச் செதுக்கி, அடியில் கிடக்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை தெரியும்படி ஒரு பெரிய சிலுவையை 1920-இல் வெட்டி வைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத ஊர்ப் பிள்ளைகளின் நினைவுக்காக அது.

2000-ஆம் ஆண்டில் அவ்வூர் மன்றத்துக்கு ஒரு சிக்கல். இறந்தவர்களின் பெயர்ப்பலகை தேய்ந்து, எழுத்து மங்கிப்போயிருந்தது. புதிதாகச் செய்ய வேண்டும். செய்வதென்றால் தாமஸ் ஹைகேட்டின் பெயரையும் சேர்ப்பதா?

ஹைகேட் ஷோர்ஹாமில் பிறந்தவர், ராயல் வெஸ்ட் கென்ட் படைப்பிரிவின் சிப்பாய். 1914 ஆகஸ்டில் மோன்ஸ் போரிலும் அதைத் தொடர்ந்த நெடிய பின்வாங்கலிலும் இருந்தவர். செப்டம்பர் தொடக்கத்தில், மார்ன் போர் தொடங்கிய வேளையில், படையை விட்டு விலகிப் போனார். ஒரு பண்ணை நிலத்தில், ராணுவ உடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் ஒளிந்திருந்தபோது அகப்பட்டார். விசாரணையில் அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. செப்டம்பர் 8 காலை 6.22-க்குத் தண்டனை அவரிடம் சொல்லப்பட்டது, 7.07-க்குச் சுட்டார்கள். வயது 19. அந்தப் போரில் ஓடிப்போன குற்றத்துக்காகத் தன் படையாலேயே கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் அவர்.

பெயர் வேண்டாம் என்போரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மோன்ஸில் நின்ற எல்லாருக்கும்தான் பயம் இருந்தது. ஓடாமல் நின்றதாலேயே பலர் செத்தார்கள். புறமுதுகு காட்டியவரின் பெயரை அவர்களுக்குப் பக்கத்திலேயே பொறித்தால், நின்றதற்கு என்ன மதிப்பு? அன்றைய சட்டத்தை இன்றைய மனத்தால் திருத்தி எழுத நாம் யார்?

ஆனால் ஊர் நினைவுப் பலகை வீரப்பதக்கப் பட்டியலா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. அத்தகைய பலகைகளில் காய்ச்சலில் போனவர்கள் உண்டு, விபத்தில் போனவர்கள் உண்டு. கடைசி நொடியில் எவர் முன்னால் பாய்ந்தார், எவர் நடுங்கிக்கொண்டு கிடந்தார் என்று யாரும் விசாரித்துப் பெயர் வெட்டவில்லை. வீட்டை விட்டுப் போனவர் வரவில்லை. பலகையில் ஏற அந்த ஒரு கணக்குப் போதுமானதாக இருந்தது.

போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. தம் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் மற்றவர்களோடு ஒரே மயானத்தில், ஒரே மாதிரிக் கல்லின் கீழ்தான் கிடக்கிறார்கள். கல்லறை தெரியாத ஹைகேட்டின் பெயர், பிரான்ஸில் லா ஃபெர்த்தே-சூ-ஜுவாரில் உள்ள நினைவுச் சின்னத்தில், காணாமற்போன சுமார் 3,740 பேருடைய பெயர்களோடு இருக்கிறது. அரசின் கல் ஏற்றுக்கொண்ட பெயரைத்தான் சொந்த ஊர்ப் பலகையில் ஏற்றுவதா என்று ஊர் யோசித்தது.

சட்டமும் அப்படியொன்றும் ஒரே நிறையாக நிறுக்கவில்லை. அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் விதித்த மரண தண்டனைகள் 3,000-க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைக்கப்பட்டுவிட்டன. மிச்சமிருந்தவர்கள் செத்ததற்குக் குற்றத்தின் கனம் மட்டும் காரணமல்ல. மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்ற நினைப்பும் காரணம். ஹாரி ஃபார் என்ற சிப்பாய் 1915-இல் குண்டுவீச்சின் அதிர்ச்சியால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர். மறு ஆண்டு, இனி முன்வரிசைக்குப் போக முடியாது என்றார். கோழைத்தனம் என்று சொல்லி 1916 அக்டோபரில் சுட்டார்கள். கணவரை இழந்த அவர் மனைவிக்கு உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. ஃபாரின் மகள் பிற்காலத்தில் பல ஆண்டுகள் போராடினார்.

2006-இல், அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் மன்னிப்பு அளித்தது. அதில் ஒரு முடிச்சு உண்டு. மன்னிப்பால் அவர்கள்மீதான தீர்ப்போ தண்டனையோ மாறிவிடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதைக் கஞ்சத்தனம் என்று பலர் குறைசொன்னார்கள். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஹைகேட் படையை விட்டுப் போனது நடந்த சங்கதி. பெயரைச் சேர்க்கும் ஆவலில் அவரையும் மாவீரர் என்று எழுதினால், அது இன்னொரு பொய். பெயர், படைப்பிரிவு, ஆண்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பக்கத்துப் பெயருக்கு அதனால் எந்தக் குறைவும் வராது. அந்தப் பெயருக்குரியவர் நின்றார் என்பதை எந்தப் பலகையாலும் அழிக்க முடியாது.

ஷோர்ஹாம் மன்றம் அன்று சேர்க்க வேண்டாம் என்றே வாக்களித்தது. ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. பின்னொரு நாள் ஊராரின் மனம் மாறினால் பொறித்துக்கொள்ளலாம் என்று, புதிய பலகையில் ஒரு பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு வைத்தது.