கேட்காத ஏழையும் கல்லூரி வாலிபரும்

 

அன்புச் சகோதரர்களே! மிஸ்கீன் என்பவர் யார்? நம் வாசலில் வந்து நின்று, "அல்லாஹ்வுக்காக" என்று குரல் கொடுப்பவரைத்தான் நாம் மிஸ்கீன் என்கிறோம். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கற்றுத் தந்தார்கள். ஓரிரு கவளமோ ஓரிரு பேரீச்சம்பழமோ பெற்றுக்கொண்டு திரும்பிப் போகிறவர் மிஸ்கீன் அல்லர். தேவைக்குப் போதிய வசதி இல்லாமலும், 'இவருக்குக் கொடுக்க வேண்டும்' என்று பிறருக்குத் தோன்றாமலும், தாமே எழுந்து போய்க் கேட்காமலும் எவர் இருக்கிறாரோ அவரே மிஸ்கீன் என்னும் கருத்தில் அருளினார்கள். ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது.

திருமறையும் இத்தகையோரையே நமக்கு அடையாளம் காட்டுகிறது. அல்பகறா சூராவின் 273ஆம் வசனத்தைப் பாருங்கள். அவர்கள் வாய் திறந்து கேட்காததால், அறியாதவன் அவர்களைச் செல்வர்கள் என்றே எண்ணிக்கொள்வான். முகக்குறியைக் கொண்டுதான் அவர்களை அறிய முடியும். மக்களை வற்புறுத்தி அவர்கள் யாசிக்க மாட்டார்கள். இது அந்த வசனத்தின் கருத்து. 'அறியாதவன்' என்ற சொல்லைச் சற்றே சிந்தியுங்கள்! பக்கத்து வீட்டுப் பட்டினியை அறியாமல் இருப்பவனைத்தான் இறைவன் அப்படி அழைக்கிறான். நம்மில் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறோம்!

நம் தெருவில் இருக்கிறார்கள்

இவர்களைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மேலப்பாளையத்திலும் பேரணாம்பட்டிலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பீடி சுற்றும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. கணவர் மௌத்தாகி இத்தா முடிந்த மறுநாளே 'இனி யாரிடம் போய் நிற்பது?' என்று திகைக்கும் விதவைகள் எல்லா ஊரிலும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கென்று கடன் பட்டு, வேலையும் போய், ஊர் திரும்பியவரும் உண்டு. வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டையுடன் முன் ஸஃப்பில் நிற்கும் அவருடைய வீட்டில் நேற்று அடுப்பு எரிந்ததா என்று யாருக்குத் தெரியும்?

இங்கேதான் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளின் வேலை தொடங்குகிறது. பணம் கொடுப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஏழைகளும் இருக்கிறார்கள், ஆனால் வாய் திறந்து கேட்க அவர்களால் முடியவில்லை. இந்த இருவருக்கும் நடுவே நடந்து செல்லும் கால்கள்தாம் இல்லை. அந்தக் கால்கள் இளைஞர்களுடையவையாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

"எங்களிடம் பணமில்லையே!"

மாணவர்கள் சொல்லும் முதல் சமாதானம் இதுதான். "நாங்களே தகப்பனாரின் பணத்தில் படிக்கிறோம், நாங்கள் எப்படித் தருமம் செய்வது?" என்பார்கள்.

ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் ஸதகா கடமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியபோது, ஸஹாபாக்களும் இதையேதான் வினவினார்கள். பொருள் இல்லாதவர் கையால் உழைத்துத் தாமும் பயன்பெற்றுத் தருமமும் செய்யட்டும். அதற்கும் இயலாதவர் தேவையில் தவிப்பவருக்கு உதவட்டும். அதுவும் முடியாதவர் நன்மையை ஏவட்டும். அதுவும் இல்லையெனில் தீமை செய்யாமல் இருக்கட்டும், அதுவே அவருக்கு ஸதகா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் படிப்படியாக வழி காட்டினார்கள். ஹழ்ரத் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் இதனை அறிவிக்கிறார்கள். பணப்பை காலியாக இருப்பவருக்கும் இத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன!

ஸதகா கட்டளை வந்தபோது, ஏழை ஸஹாபாக்கள் கடைத்தெருவுக்குப் போய்ச் சுமை தூக்கி, கிடைத்த கூலியைக் கொண்டுவந்து தருமம் செய்தார்கள். முனாஃபிக்குகள் அதையும் ஏளனம் செய்தார்கள். அதிகம் கொடுத்தவரை 'முகஸ்துதிக்காரர்' என்றார்கள். சிறிது கொடுத்தவரைப் பார்த்து, 'இது அல்லாஹ்வுக்கு எதற்கு?' என்றார்கள். அப்போதுதான் தௌபா சூராவின் 79ஆம் வசனம் இறங்கியது. தம் உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்களை அந்த வசனத்தில் இறைவன் தனியே குறிப்பிடுகிறான். அவர்களை ஏளனம் செய்வோரைக் கண்டிக்கிறான். ஆகவே மாணவரே, உமது உழைப்புக்குத் திருமறையிலேயே இடமிருக்கிறது.

இரவில் படிப்பு, பகலில் தொண்டு

"படிப்புக்கே நேரம் போதவில்லை" என்பது இரண்டாவது சமாதானம். இதற்கும் மதீனாவிலேயே பதில் இருக்கிறது.

அன்சாரிகளில் 'குர்ரா' என்றழைக்கப்பட்ட எழுபது பேர் இருந்தார்கள். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் தாய்மாமன் ஹராம் (ரலி) அவர்களும் அவர்களில் ஒருவர். இவர்கள் இரவில் குர்ஆன் ஓதிப் பாடம் படிப்பார்கள். பகலில் தண்ணீர் சுமந்து வந்து பள்ளிவாசலில் வைப்பார்கள். விறகு சேகரித்து விற்று, அந்தக் காசுக்கு உணவு வாங்கித் திண்ணைத் தோழர்களுக்கும் மற்ற ஏழைகளுக்கும் கொடுப்பார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இது விளக்கமாக வந்திருக்கிறது. ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு பிஃரு மஊனாவில் அவர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மாத காலம் தொழுகையில் குனூத் ஓதி, அந்தப் பாதகர்களுக்கு எதிராக இறைவனிடம் முறையிட்டார்கள். மாணவர் தொண்டுக்கு இதைவிட உயர்ந்த முன்மாதிரி வேண்டுமா? அவர்கள் தொண்டுக்காகப் படிப்பை விடவில்லை. படிப்பைக் காட்டித் தொண்டையும் விடவில்லை.

நம் நாட்டில் 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்கிறார். ஏழு நாள் முகாமுக்குப் போய்க் கிராமத்தைச் சுத்தம் செய்கிறார், மரம் நடுகிறார். நல்ல காரியம், நம் பிள்ளைகள் தவறாமல் சேர வேண்டும். ஆனால் ஏழு நாள் முகாமில் காட்டிய அக்கறையைத் தம் சொந்த மஹல்லாவில் எத்தனை நாள் காட்டினோம் என்று ஒவ்வொரு மாணவரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

அறியவில்லை என்பது ஜவாபாகாது

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மாவு மூட்டை சுமந்த சம்பவத்தைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு பகுதியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பசியால் அழும் குழந்தைகளை அமர்த்துவதற்காக வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்திருந்த அந்தத் தாய், தம் எதிரில் நிற்பவர் கலீஃபா என்று அறியாமல், உமரைப் பற்றி அல்லாஹ்விடம் முறையிடுகிறார். 'உங்கள் நிலை உமருக்கு எப்படித் தெரியும்?' என்று உமர் (ரலி) அவர்கள் வினவுகிறார்கள். 'எங்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, எங்களைக் கவனிக்காமலும் இருப்பாரோ?' என்று அந்தத் தாய் திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு உமர் (ரலி) அவர்கள் வாயால் பதில் சொல்லவில்லை. ஓடிப்போய் மூட்டையைத் தம் முதுகிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.

'எனக்குத் தெரியாதே' என்ற ஜவாபு அமீருல் முஃமினீனுக்கே செல்லவில்லை என்றால், முத்தவல்லிக்கும் ஜமாஅத்தாருக்கும் நமக்கும் செல்லுமா?

ஆகவே, ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து, இமாமின் ஆலோசனையுடன் வீடுகளின் நிலையை அறிந்து வரட்டும். அதற்கும் அதபு உண்டு. ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லையேல் திரும்பிவிட வேண்டும் என்பது நூர் சூராவின் போதனை. பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு வாலிபர்கள் போகலாகாது. கல்லூரி மாணவியர் தம் தாயாருடனோ மூத்த பெண்களுடனோ போய் வரட்டும். பள்ளிவாசல் வாசலில் அமர்ந்து பெயர் எழுதலாகாது. ஒரு வீட்டில் அறிந்த செய்தி அமானிதம். அதை நண்பர்களிடம் பேசுவது அமானிதத்தில் மோசடி.

பேனாவும் ஒரு தருமம்

அறிந்த பிறகு என்ன செய்வது? பல வீடுகளில் முதல் தேவை பணமல்ல, விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு கை. தமிழ்நாட்டில் முதியோருக்கு 1962 முதலும், ஆதரவற்ற விதவைகளுக்கு 1975 முதலும் அரசு மாத உதவித்தொகை வழங்கி வருகிறது. மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகைகள் உள்ளன. இவை இருப்பதை அறியாமலும், அறிந்தாலும் எந்தச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்று தெரியாமலும் எத்தனையோ பேர் வாழ்ந்து மடிகிறார்கள்! ஒரு மூதாட்டியை இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அழைத்துப்போய், காத்திருந்து, காரியம் முடித்துத் தரும் மாணவர், கற்ற கல்விக்குத் தருமம் கொடுத்தவராகிறார்.

கோடரி வாங்கிக் கொடுத்த நபி

அடுத்து, கொடுப்பது எப்படி? ரமளானில் சில ஊர்களில் செல்வரின் வாசலில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு சேலையும் ஒரு நோட்டும் கிடைக்கின்றன. அடுத்த ஆண்டும் அதே பெண்கள், அதே வரிசை! இதனால் ஒரு குடும்பமாவது வறுமையிலிருந்து மீண்டதா?

யாசிக்க வந்த அன்சாரித் தோழர் ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு கோப்பையும் இருந்தன. அவற்றை வாங்கி ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்து, தம் முபாரக்கான கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாள் வரை தம்மிடம் வரவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்தார். அபூதாவூத் கிரந்தத்தில் உள்ள ஹதீஸ் இது.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும், தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவியோ முதலோ வாங்கப் போதுமான அளவு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று 'அல்மஜ்மூஃ' கிரந்தத்தில் விளக்குகிறார்கள். காய்கறி விற்பவருக்கு எவ்வளவு, நகை விற்பவருக்கு எவ்வளவு என்று தொழில்வாரியாகவே பேசுகிறார்கள். ஆகவே நூறு பேருக்குச் சேலை கொடுப்பதைவிட, ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரம், ஒருவருக்குத் தள்ளுவண்டி என்று ஆண்டுக்கு இரண்டு குடும்பத்தையாவது கரையேற்ற மாணவர்கள் திட்டமிடட்டும். மாதாமாதம் போய் விசாரிக்கவும் வேண்டும். கோடரி பெற்ற தோழரும் சம்பாதித்த பிறகு நபி அவர்களிடம் திரும்பி வந்தார் அல்லவா!

கவனிக்க வேண்டிய சட்டங்கள்

ஜகாத் பணத்தை மாணவரிடம் ஒப்படைத்தால் அவர் வக்கீல் மட்டுமே. அதில் தமக்காக எதுவும் எடுத்துக்கொள்ளலாகாது. நோட்டீஸ் அச்சிடவும், தேநீருக்கும், பஸ் கட்டணத்துக்கும் அதைத் தொடலாகாது. அச்செலவுகளுக்கு வேறு நன்கொடை வேண்டும். ஜகாத்தையும் ஸதகாவையும் தனித்தனியே வைத்துக் கணக்கு எழுத வேண்டும். ஜகாத்துக்குத் தகுதியானவர் கையில் அதைச் சொந்தமாக ஒப்படைக்க வேண்டும். சுவர் எழுப்புவதற்கும் சாலை போடுவதற்கும் அது ஆகாது.

பிற சமயத்து ஏழைகளை மறந்துவிடாதீர்கள். ஜகாத் முஸ்லிம்களுக்குரியது என்றாலும், ஸதகாவின் வாசல் அனைவருக்கும் திறந்தே இருக்கிறது. ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, 'நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மாரியம்மாள் வீட்டுப் பட்டினியும் மர்யம் பீவி வீட்டுப் பட்டினியும் பட்டினிதான்.

படம் வேண்டாம்

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இன்று அரிசிப் பையை நீட்டும் கையோடு கைப்பேசியும் நீள்கிறது. வாங்குபவர் தலை குனிகிறார். கொடுப்பவர் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். இத்தனை காலம் கேட்காமல் காத்த மானத்தை ஒரு பை அரிசிக்காக ஊரறியச் செய்துவிட்டோமே! சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தருமங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்பது அல்பகறா சூரா 264ஆம் வசனத்தின் எச்சரிக்கை. மழை கழுவிச் சென்ற வழுக்குப்பாறையை அங்கே இறைவன் உவமை காட்டுகிறான்.

இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் மைந்தர் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இரவில் மூட்டை சுமந்து சென்று மதீனாவின் ஏழை வீடுகளில் உணவு வைத்து வந்தார்கள். கொண்டுவருபவர் யார் என்று அவ்வீட்டாருக்குத் தெரியாது. அவர்கள் வஃபாத்தான பிறகு உணவு வருவது நின்றது. குளிப்பாட்டியவர்கள் முதுகில் சுமைத் தழும்பைக் கண்டார்கள். அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது.

அர்ஷின் நிழல் பெறும் ஏழு கூட்டத்தாரில், இறைவணக்கத்தில் வளர்ந்த வாலிபரும் ஒருவர்; வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவரும் ஒருவர். கல்லூரி வாலிபரே, இந்த இரண்டையும் ஒருசேர அடையும் வாய்ப்பு உமக்கு இருக்கிறது. ஜமாஅத்தார்களே, வாலிபர்களுக்குப் பள்ளிவாசலில் ஓர் அறையையும் உங்கள் நம்பிக்கையையும் கொடுங்கள்!

கேட்கக் கூசும் ஏழைகளைக் கண்டறியும் கண்களையும், அவர்களிடம் நடந்து செல்லும் கால்களையும், செய்ததை மறைக்கும் நாவையும் வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.