தணிக்கையாளரும் முஹ்தஸிபும்

ஈரான் நாட்டுத் திரைப்படங்களைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சினிமா என்ற சொல்லையே வாசற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்தம் அச்சத்தை நாம் எள்ளி நகையாட வரவில்லை. நாம் ஆராயப் புகுவது படத்தையன்று, படத்தைத் தடுப்பவரை. தீமையை விலக்குதல் என்னும் மார்க்கக் கடமை ஆட்சியாளர் கையில் சிக்கிய பின்னும் அக்கடமையாகவே நிலைக்கின்றதா, அன்றி வேறொன்றாக உருமாறி விடுகின்றதா என்பதே கேள்வி.

மன்னர் ஷாவின் ஆட்சியில், 1969-ஆம் ஆண்டில், தாரியுஷ் மெஹ்ர்ஜுயி என்ற இயக்குநர் ‘காவ்’ என்றொரு படம் எடுத்தார். பசு என்பது பொருள். வறண்ட சிற்றூர் ஒன்று. அங்கே ஹஸன் என்பானிடம் ஒரே ஒரு பசு. அவன் வெளியூர் சென்றிருந்த வேளையில் அது இறந்துபட, அவன் துயரத்துக்கு அஞ்சிய ஊரார் அதைப் புதைத்துவிட்டு, ‘ஓடிப்போய்விட்டது’ என்று சொல்லி வைக்கின்றனர். துயரம் தாளாமல் அவன் மதி கலங்கித் தன்னையே பசுவென எண்ணத் தொடங்குகிறான். கதை இவ்வளவே. அரசின் பொருளுதவியுடன் எடுக்கப்பட்ட இப்படத்தை அரசே முடக்கிப் போட்டது. எண்ணெய்ச் செல்வத்தால் மின்னும் நாடு என்று உலகுக்குப் பறைசாற்றிய மன்னருக்கு மண்சுவரும் பசியும் திரையில் தெரிவது பொறுக்கவில்லை. நாட்டுக்கு வெளியே மறைவாகக் கொண்டு செல்லப்பட்டு, 1971-இல் வெனிஸ் நகரத் திரைவிழாவில் அது பாராட்டுப் பெற்றது. அதே தெஹ்ரானில் மதுக்கூட நடனங்கள் நிறைந்த படங்கள் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தன என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்க. மன்னரின் தணிக்கைக்கு அவ்ரத்தாகப் பட்டது பெண்ணின் உடலன்று, குடியானவனின் வறுமை!

பிறகு புரட்சி எழுந்தது. 1978 ஆகஸ்டில் ஆபாதான் நகரின் ரெக்ஸ் திரையரங்கு கொளுத்தப்பட்டு நூற்றுக்கணக்கானோர் உள்ளேயே மாண்டனர். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 1979 பிப்ரவரியில் தாயகம் திரும்பிய ஆயத்துல்லாஹ் குமைனி, தாம் சினிமாவுக்கு எதிரி அல்லர், அதன் தவறான பயனுக்கே எதிரி என்னும் கருத்துப்பட உரையாற்றினார். ‘காவ்’ படத்தை அவர் மெச்சினார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இனி ஏழையின் கதைக்கு விடிவு பிறக்கும் என்று கலைஞர் பலர் நம்பினர்.

பிறந்ததோ படிப்படியான அனுமதி முறை. எழுத்துப்படிக்கு அனுமதி, எடுப்பதற்கு அனுமதி, எடுத்து முடித்தபின் திரையிட அனுமதி. படங்கள் தரம் பிரிக்கப்பட்டன. தரத்தைப் பொறுத்தே நல்ல அரங்கும் நல்ல காலமும் கிடைத்தன. திரையில் பெண் தலையை மூடியே தோன்றவேண்டும்; தன் வீட்டுக்குள், தன் மகன் எதிரிலேயுங்கூட. இதனைக் கேட்டுச் சிரிப்பார் உளர். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நமக்கு இதில் ஃபிக்ஹு நியாயம் இல்லாமலில்லை என்றே தோன்றுகிறது: கதையில் அவன் மகன், மெய்யில் அவன் அந்நியன், பார்ப்போரும் அந்நியரே. இவ்விதி தெளிவாகச் சொல்லப்பட்டது. கலைஞரும் பெரும்பாலும் அதற்கு இணங்கினர். வீட்டகத்தை விட்டுவிட்டுத் தெருவுக்கும் வயலுக்கும், குழந்தைகளிடமும் சென்றனர்.

ஆனால், ஜாஃபர் பனாஹி என்பார் 2000-இல் எடுத்த ‘தாயெரே’ (வட்டம்) என்ற படத்தைப் பாருங்கள். சிறையினின்று வெளிவந்த பெண்கள் ஒரு நகரில் தங்க இடமின்றி, துணையின்றிப் பயணம் போகவும் வழியின்றி அலைகின்றனர். அவர்கள் யாவரும் தலை மூடியே வருகின்றனர். ஆயினும் ஈரானில் அப்படம் தடுக்கப்பட்டது. வெனிஸில் முதற்பரிசு பெற்றது. கால்பந்தாட்டம் காண ஆணுடை அணிந்து நுழைய முயன்ற சிறுமியரைப் பற்றி அவர் 2006-இல் எடுத்த படத்துக்கும் அதே கதிதான். அப்படியாயின் மூடப்பட்டது கூந்தலா, குறையா? மன்னர் காலத்துப் பசுவைத் தடுத்த கை, வேறு அங்கி அணிந்து மீண்டும் நீள்கிறது என்று நாம் சொன்னால் அது மிகையாகுமா?

இனி நூலுக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பிறந்த தூஸ், இன்றைய ஈரானின் குராஸான் பகுதியில்தான் உள்ளது. அவர்களின் மத்ஹபு இன்று அங்கு ஆள்வோரின் மத்ஹபு அன்று. எனினும் துருவிப் பார்த்தலைத் திருமறை விலக்கியிருப்பதில் இரு சாராருக்கும் பிணக்கில்லை. ‘இஹ்யா’வில் இமாமவர்கள் தடுக்கப்பட வேண்டிய தீமைக்கு நிபந்தனைகள் வகுக்கின்றார்கள்: அது இப்பொழுது நிகழ்வதாக இருக்கவேண்டும், துருவாமலே வெளிப்படையாகத் தெரிவதாக இருக்கவேண்டும், அது தீமைதானா என்பது அறிஞரின் கருத்து வேறுபாட்டுக்குரியதாக இருத்தலாகாது. உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு சுவரேறிக் குதித்து ஒருவனைத் தகாத நிலையில் கண்ட செய்தியையும் அங்கே காண்கிறோம். ‘நான் செய்தது ஒரு பிழை, தாங்கள் செய்தவை மூன்று: துருவினீர்கள், வாசல் வழி வரவில்லை, ஸலாம் கூறி அனுமதி கேட்கவில்லை’ என்று அவன் சொல்ல, அமீருல் முஃமினீன் அவன் தவ்பாவை ஏற்று விட்டுச் சென்றார்கள்.

எழுத்துப்படியைத் தணிக்கும் அதிகாரி எந்தச் சுவரில் ஏறுகிறார்? இன்னும் நிகழாத ஒன்றை, ஒருவன் மனத்திலும் தாளிலும் மட்டும் உள்ள ஒன்றை, அவர் துருவுகிறார். முஹ்தஸிப் அங்காடியில் அளவுகோலையும் தராசையும் பார்த்தவர். வணிகன் நாளை எண்ணக்கூடியதைப் பார்த்தவரல்லர்.

தடையினால்தான் ஈரானியப் படங்கள் உயர்ந்தன என்று வாதிடுவோரும் உண்டு. கியாரொஸ்தமியின் 1987-ஆம் ஆண்டுப் படத்தில் நண்பனின் ஏட்டைத் திருப்பித் தர வீடு தேடி ஓடும் சிறுவனையும், மஜீத் மஜீதியின் 1997-ஆம் ஆண்டுப் படத்தில் ஒரே சோடிக் காலணியைப் பகிர்ந்தணியும் அண்ணன் தங்கையையும் அவர்கள் சான்று காட்டுவர். நம் பிள்ளைகளுடன் அமர்ந்து காணத்தக்க படங்களே அவை. எனினும் பாறையிடுக்கில் செடி முளைத்தமைக்குப் பாறையைப் புகழ்வது முறையன்று. முளைக்காமற் போனவற்றை எண்ணுவார் யார்?

2010 டிசம்பரில் பனாஹிக்கு ஆறாண்டுச் சிறையும், படமெடுக்கவும் திரைக்கதை எழுதவும் இருபதாண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. அவரோ தம் வீட்டுக் கம்பளத்தின் மீது ஒட்டுநாடாவால் அறைகளைக் குறித்து, மறுக்கப்பட்ட கதையை வாசித்துக் காட்டினார். ‘எழுதத்தானே தடை, வாசிக்க இல்லையே’ என்பது அவர் வாதம். நம் ஃபுகஹாக்கள் இருந்திருந்தால் இந்த ஹீலாவைச் சுவைத்திருப்பர். 2011-இல் வெளிவந்த அதற்கு ‘இது படமன்று’ என்றே பெயர். 2022 சூலையில் சிறை புகுந்து 2023 பிப்ரவரியில் வெளிவந்த அவர், அனுமதியின்றி எடுத்த மற்றொரு படத்துக்கு 2025-இல் கான் விழாவின் முதற்பரிசைப் பெற்றார். தன்னைச் சிறையில் வதைத்தவனைச் செயற்கைக் காலின் ஓசையைக் கொண்டு அடையாளம் காணும் ஒருவனின் கதை அது. அவனைப் பழிவாங்குவதா விடுவதா என்பதே படம் நெடுகிலும் வழக்கு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நன்மையை ஏவும் அந்நூற்பகுதியை எதைக் கொண்டு முடிக்கிறார்கள் என்பதை ஓதியோர் அறிவர். ஆட்சியாளர்மீது குடிகள் கையோங்குதலை அவர்கள் ஒப்பவில்லை. எடுத்துரைத்தலையும் உபதேசத்தையும் அனுமதித்து, அரசவையில் அஞ்சாது பேசிய ஆலிம்களின் வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஈரானியத் தணிக்கையாளர் கத்தரி வைப்பது அந்தக் கடைசிப் பாடத்தில்தான்.