கதவின் இடைவெளி

நோர்வூட் கடைவீதியிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையோரத்தில், தகரக் கூரை வேய்ந்த ஒரு கராஜுக்குள், கதவுகள் கழற்றப்பட்டு, முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் குறுக்கே ஒரு பொக்ஸ் பாரும் மூலைவாட்டில் இன்னொன்றும் பற்றவைக்கப்பட்டு, எலும்பு முறிந்தவன் கட்டோடு கிடப்பதைப் போல ஒரு மொரிஸ் மைனர் கிடப்பதைக் கண்டபோது, எத்தனையோ நூல்களைப் புரட்டியும் எனக்குத் தெளியாத ஒரு சந்தேகம் மறுபடியும் எழுந்தது. சரீரம் முழுவதும் மாறிப் போன பின்னும் அது அதே வஸ்துதான் என்று எதைக் கொண்டு சொல்லுகிறோம்?

ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைக்கு வாகனமாயிருந்து, பின்னர் பெரிய கிளாக்கரிடம் வந்து, இன்று அவர் மகனுக்கு உரிமையாகிவிட்ட வண்டி அது. லொறிக்கு இருப்பதைப் போலத் தனிச் சட்டம் இதற்குக் கிடையாது, உடம்பேதான் முதுகெலும்பும். கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்னும் பொள்ளலான பெட்டி, முன்னே இயந்திரத்தின் பாரத்தையும் பின்னே சவாரி செய்வோர் பாரத்தையும் இணைத்துத் தாங்குகிறது. நம் மலையில் மாதக்கணக்காய்ப் பெய்யும் மழையும், அது விட்டாலும் விடாத மூடுபனியும், சக்கரம் வாரி இறைத்த சேறும் அந்தப் பொள்ளலுக்குள் புகுந்து தங்கிவிடுவதால், வெளியே வர்ணம் பளபளத்துக் கொண்டிருக்கையிலேயே துரு உள்ளிருந்து தின்னத் தொடங்கிவிடுகிறது. தின்றது போக மிஞ்சியதை வெட்டி எடுத்தால், கூரை ஓரளவு தாங்கினாலும், வண்டி நடுவே தொய்ந்து கதவின் வாசல் கோணிப் போகும். போதாக்குறைக்குப் பற்றவைத்த இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அதற்காகத்தான் தூணுக்குத் தூண் பற்றவைத்த அந்தப் பொக்ஸ் பார்க் கம்பிகள். அதனாலேயே ஒரு பக்கத்துச் சில்லை முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைப்பார்கள்.

என் சந்தேகத்துக்குப் பழைய விடை ஒன்று உண்டு. மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நடந்த சம்வாதம் இந்நாட்டுப் பௌத்த விகாரைகளிலே இன்றும் போதிக்கப்படுவது. அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா என்று ஒவ்வோர் அங்கமாகக் கேட்டு, எதுவுமில்லை என்று மன்னன் ஒப்புக்கொண்டதும், ரதம் என்பது அவற்றின் சேர்க்கைக்கு உலகம் இட்ட பெயரே என்று நிலைநாட்டினார் அந்தத் துறவி. மன்னன் திருப்தியடைந்தான். இந்த வண்டியைச் செப்பனிடும் நம் டிங்கர் பாஸ் திருப்தியடைந்திருப்பாரா என்பது எனக்கு ஐயமே. வெறும் பெயர்தான் என்றால் கம்பி எதற்கு? தகட்டைக் காக்க அவர் கம்பி வைக்கவில்லை. தகட்டைத்தான் வெட்டி மூலையில் எறிந்துவிட்டாரே. தூணுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள தூரத்தை, ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் உள்ள அளவை, கதவைச் சுற்றி ஓடும் அந்த மெல்லிய இடைவெளியை அவர் காக்கிறார். ஒன்றுமில்லாத வெளியைத்தான் இரும்பால் கட்டி வைத்திருக்கிறார் என்று சொன்னாலும் பிழையில்லை.

நம் ஆகம மரபு இதை அறியாததன்று. ஜீர்ணமான கர்ப்பக்கிருகத்தைச் செப்பனிடத் தொடங்குமுன், மூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, தற்காலிகச் சந்நிதியான பாலாலயத்தில் ஓர் அத்திப் பலகையிலோ சித்திரத்திலோ ஸ்தாபித்து, திருப்பணி முடியுமட்டும் நித்திய பூஜையை அங்கேயே நடத்துகிறார்கள். கும்பாபிஷேகத்தின் பின் அந்தப் பலகைக்கு ஒரு வேலையுமில்லை. ஆயினும் அந்த இடைக்காலம் முழுவதும் கோயில் என்பது அந்தப் பலகைதான்.

இதுவரை என் மனம் சமாதானமாகவே இருந்தது. அதைக் குலைத்தவர் பாஸ்தான். இதே வண்டியைப் பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒருவர் செப்பனிட்டாராம். முதுகு தொய்ந்திருந்த நிலையிலேயே, மட்டம் பாராமல் கம்பியைப் பற்றவைத்து, சில்லை வெட்டிப் புதுத் தகடு போட்டுவிட்டாராம். கம்பி தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தொய்வைத் தொய்வாகவே காத்துக் கொடுத்தது. அன்று முதல் பின்கதவை இடுப்பால் மோதித்தான் சாத்த வேண்டியிருந்தது.

“கம்பிக்கு நேர் எது, கோணல் எது தெரியாதுங்க ஐயா,” என்றார் பாஸ். “கதவ மாட்டி, ஜாக்கி போட்டு, இடைவெளியச் சரி பண்ணிட்டுத்தான் கம்பிய வைக்கணும். வச்சிட்டா அப்புறம் அது சொல்றதுதான் கணக்கு.”

அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு நம் மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்து நினைவுக்கு வந்தது. கடல் கடந்து வந்து, லயத்துக் காம்பராக்களில் அடைபட்டு, இந்த மொரிஸ் மைனர் உலகுக்கு அறிமுகமான அதே 1948இல் இயற்றப்பட்ட 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரிக்கப்பட்ட ஒரு ஜன சமூகம், மாசி மாதம் பிறந்தால் காமனை ஊன்றவும், அவன் எரிந்து அநங்கனாக, ரதி புலம்பவும், விடிய விடியப் பறை முழங்கவும் மறக்கவில்லை. உடம்பில்லாதவனை உண்டென்று தாங்கி நின்றது அந்த ரதியின் புலம்பலென்றால், இந்த மக்களைத் தாங்கியதும் அதுவே என்று நான் பெருமையோடு எழுதியதுண்டு. ஆனால் அதே ஆசாரம்தான் கங்காணி குடும்பத்துக்கு முதல் மரியாதையையும், இன்னார் இன்ன இடத்தில் நிற்க வேண்டுமென்ற ஜாதி வரிசையையும் ஒரு நூலிழை பிசகாமல் கொண்டுவந்து சேர்த்தது. ஆசாரத்தின்மீது நான் குறை சொல்லவில்லை. அது எதைக் காக்கிறது என்பதை அதனிடமே கேட்டவர்களில் நானும் ஒருவன்.

நேரான அளவு என்பதுதான் எது? மொரிஸ் மைனரை வகுத்த இஸ்ஸிகோனிஸ், மாதிரி வண்டி தயாராகி நின்ற பிறகு, அது ஒடுங்கியிருப்பதாக மனம் ஒவ்வாமல், நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். முன்மூடியின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த அறுவையின் தழும்பு. பிறந்த பின் 16 இலட்சத்துக்கு மேல் பெருகிய அந்த உருவத்தின் ‘ஸ்வரூபம்’ ஒரு மனிதனின் கண்ணுக்குச் சரியென்று பட்டதுதான். பிற்காலத்தில் அதன் உடல் தகடுகளை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் உண்டு; அங்கே ஓடுபவற்றில் எது சீமை, எது சிலோன் என்று யார் பிரிப்பது?

பத்து நாள் கழித்துப் போனபோது இரண்டு பக்கமும் முடிந்திருந்தது. பாஸ் கம்பியைக் கிரைண்டரால் அறுத்தெடுத்து, பற்றிய தழும்புகளைத் தேய்த்துவிட்டு, பின்கதவை மாட்டி என்னைச் சாத்தச் சொன்னார். ஒரு விரலால் தள்ளினேன், சாத்திக்கொண்டது. இடைவெளி மேலே சற்று அகலமாய் இருப்பதாக எனக்குப் பட்டது. அவர் கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்த்து, “இருக்கட்டும், ஐயா,” என்று சொல்லிவிட்டு, கம்பிகளைச் சுவரோரம், வேறு வண்டிகளின் சோக்குக் குறிகள் இன்னும் அழியாத மற்றக் கம்பிகளோடு சாய்த்து வைத்தார்.